கடல்தரை ஏழு மீட்டர் இறங்கிய வருடம்

நவம்பர் 6, 1997. திருப்பதி

காலையிலிருந்து தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. துறையில் தெலுங்கு, கம்ப்யூட்டர் சென்டரில் ஆங்கிலம், வீட்டுக்கார ரத்னம்மாவிடம் மறுபடி தெலுங்கு. சாயங்காலம் வாசலில் செருப்பு அறுந்தபோதுதான் "அட கருமமே" என்று வாயில் வந்தது. இன்றைக்குப் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

சம்பத் இருந்தவரை இது உறைக்கவில்லை. அவன் பங்காருபாளையம், நான் நகரி, ஆந்திராவில் இருந்தாலும் இரண்டு வீட்டிலும் தமிழ்தான். ஆராய்ச்சி அறையில் நாள் முழுக்கச் சண்டைக்கோழி மாதிரி கத்திக்கொண்டிருப்போம். பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். ஆகஸ்டில் அவன் அமெரிக்கா போனதும் அறை அடங்கிவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி, என்னைத் தவிர.

அதனால்தான் இந்த நோட்டு. இதிலாவது தமிழ் ஓடட்டும்.

நவம்பர் 8

நகரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா மொட்டை போடப் போகிறவர். "நீ இன்னா படிக்கிறமா?" கடல் என்றேன். "திருப்பதில ஏது கடலு?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். ஏழுமலை இருக்கும் ஊரில் உட்கார்ந்து கடலைப் படிக்கிறவளை வேறு எப்படிக் கேட்பது?

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேர் போகும் பயணிகள் கப்பலில் ஏறுவோம். வழியெல்லாம், குண்டு மாதிரி ஒரு ப்ரோபைக் கடலில் விடுவோம். அதன் பின்னால் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். விழ விழ, தண்ணீரின் சூட்டைக் கம்பி வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். ப்ரோப் போனது போனதுதான். இப்படி ஏழு வருடம் விட்டால், எந்த மாதம் நீரோட்டம் வடக்கே ஓடுகிறது, எந்த மாதம் தெற்கே திரும்புகிறது, கடல் எவ்வளவு சூட்டை உள்ளே வாங்கி வைத்திருக்கிறது என்று தெரியும். பூமி சூடாகிறதா என்ற கேள்விக்குப் பாதி பதில் கடலுக்குள்தான் இருக்கிறது.

"அத்தனையும் தண்ணிலயே போட்டுட்டு வர்றியா?" என்றார் அந்த அம்மா. ஆமாம் என்றேன். பாவம் என்ற மாதிரி பார்த்தார்.

நவம்பர் 15

பாஸ்போர்ட் விசாரணைக்குச் சித்தூர் போய் வந்தேன். போலீஸ் ஆபீஸ் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் குவைத், மீதி துபாய். எதற்கு அமெரிக்கா என்று கேட்டார் ரைட்டர். மேல்படிப்பு என்றேன்.

பொய். உண்மையைச் சொல்வதென்றால், சம்பத் போகும்போது சொன்னான்: "நீயும் பாஸ்போர்ட் எடுத்து வெச்சிக்கோ ருக்கு. தீசிஸ் முடி. எங்க லேப்ல சொல்லி வெக்கிறேன். அப்புறம் பாக்கலாம்." அப்புறம் பாக்கலாம் என்றால் எதை? அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். அவனை எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இதோ, எழுதியாகிவிட்டது.

நவம்பர் 20

என் கைடு நாகையா சார் தீசிஸை ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார். "எல்லாம் பாகுந்தி, நன்றாக இருக்கிறது. ஆழத்தைச் சரிபார்த்ததற்கு ஒரு சின்னப் பகுதி சேரும்மா, எக்ஸாமினர் கேட்பார்" என்றார். ஜனவரியில் சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில் ஒரு சின்னப் பகுதி. இந்தச் சின்னப் பகுதிகளாலேயே என் தலை நரைக்கப்போகிறது.

நவம்பர் 24

வேடிக்கை. போர்ட் பிளேருக்கு முன்னால், கடலுக்கடியில் தட்டையான ஒரு மேடு இருக்கிறது. அங்கே விடும் ப்ரோப் தரையில் போய் முட்டும். முட்டியது கம்ப்யூட்டர் வரையும் கோட்டில் தெரியும், அதற்கப்புறம் சூடு மாறாது. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை மீட்டரில் முட்டியது என்று எடுத்து அடுக்கினேன், வரைபடத்தோடு ஒப்பிடலாம் என்று.

தொண்ணூற்று நான்கு வரை வரைபடம் சொல்வதேதான். தொண்ணூற்றைந்திலிருந்து ஏழு மீட்டர் கீழே. ஒரு பயணத்தில் அல்ல, எல்லாப் பயணத்திலும். கடல்தரை இறங்கிவிட்டதா? பூகம்பம் வந்ததா? கப்பல் தடம் மாறியதா? சாயங்காலம் வரை ஒன்றும் பிடிபடவில்லை.

நவம்பர் 25

தரை இறங்கவில்லை. தரை ஏன் இறங்கும்?

கப்பல் மெட்ராஸை விட்டதும் கரைச்சரிவில் விடுகிற முதல் ப்ரோபையும் பார்த்தேன். அங்கே ஆழம் பாதி, வித்தியாசமும் பாதி. அப்படியென்றால் மீட்டரில் இல்லை பிழை, பெருக்கலில் இருக்கிறது. வகுத்துப் பார்த்தேன். 1.034. அது எனக்கு மனப்பாடம்.

ப்ரோபுக்கு ஆழத்தை அளக்கத் தெரியாது. எத்தனை விநாடி விழுந்தது என்பதை வைத்து நாம்தான் ஆழத்தைக் கணக்குப் போடுவோம். நாம் நினைத்ததை விட அது வேகமாக விழுகிறது என்று இரண்டு வருடம் முன்னால் கண்டுபிடித்து, எல்லா ஆழத்தையும் 1.034 ஆல் பெருக்குங்கள் என்றார்கள். பெருக்கினேன். ஏழு வருட ஃபைலையும் நானே உட்கார்ந்து பெருக்கினேன். பிறகு எப்படிப் பின்வருடங்கள் மட்டும் இரண்டு தரம் பெருக்கியிருக்கும்?

எனக்குத் தெரியும் எப்படி என்று. அவன் வாயால் கேட்க வேண்டும்.

நவம்பர் 30

காலையிலேயே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். துறைக்கு ஒரே ஈமெயில் முகவரி, பிரிண்ட் எடுத்து எல்லாரும் படித்த பிறகுதான் கைக்கு வரும். இதை அதில் கேட்க முடியாது.

"தொண்ணூத்தாறு ஜூன்ல, பின்வருஷ ஃபைலுக்கு நீ திருத்தம் போட்டியா?"

நாம் பேசுவது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

"போட்டேனே. பழசு உன்னுது, புதுசு என்னுதுன்னு பிரிச்சிக்கினோமே."

"எங்கிட்ட சொல்லலயே நீ."

"நீ எங்க பேசிக்கினு இருந்த அப்போ?"

அந்த ஜூனில் மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டதை என்னிடம் சொல்லாமல் சாரிடம் சொன்னான் என்று எனக்கு ஆத்திரம். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பென்சில் வேண்டுமென்றால்கூட எழுந்து போய் அலுவலகத்தில் கேட்டேன். இவன் எங்கே செய்திருக்கப்போகிறான், ஊர் விட்டுப் போகும் குஷியில் இருக்கிறான் என்று அவன் பங்கையும் நானே செய்தேன், வீம்புக்கு. அவனும் வீம்புக்குத்தான் சொல்லாமல் செய்திருக்கிறான். பேசத் தொடங்கியதும் இரண்டு பேருக்கும் சந்தோஷம், யாரும் ஃபைலைப் பற்றிப் பேசவில்லை. கட்டுரை எழுதினோம், வெளிவந்தது, அதைக் காட்டித்தான் அவனுக்கு அந்த இடம் கிடைத்தது.

"எவ்ளோ மாறும்?" என்றான். கடல் சூடானதாகச் சொன்னதில் பாதிக்கு மேல் போய்விடும் என்றேன். நீரோட்டம் வலுத்திருக்கிறது என்று எழுதினோமே, அது சுத்தமாகப் போய்விடும்.

"ருக்கு, எனக்கு மார்ச்ல வேல ரெனீவல். எங்க பாஸ் நம்ம நம்பரை வெச்சித்தான் மாடல் ஓட்டிக்கினு கீறாரு. மார்ச் வரைக்கும் வாயத் தொறக்காத. அப்புறம் நானே எழுதறேன். சரியா?"

சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 12

எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டேன். சூடு கூடியிருக்கிறது, அது பொய் இல்லை. ஆனால் நாங்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. இது தெரிந்தபின் தீசிஸில் ஒரு வரிகூட எழுத வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 13

ரத்னம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

டிசம்பர் 29

வந்தது வினை. கோவாவில் இருக்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நம் ஃபைல்களைக் கேட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கக் கடலை அளந்தவர்களின் கணக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கிறார்களாம். ஜனவரி கடைசிக்குள் அனுப்ப வேண்டும். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம திருப்பதி ஃபைல் உலகத்துக்குப் போகுதும்மா" என்று எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 4, 1998

மறுபடி பூத்.

"குடுத்துடு. எத்தினி ஆயிரம் ஃபைல் சேரும் அதுல. நம்மது ஒரு மூலை. யாரு பாக்கப்போறாங்க?"

"வங்காள விரிகுடான்னு பாத்தா நம்மது மட்டும்தான் சம்பத் இருக்கும் அந்த வழியில. எல்லாரும் அதை எடுத்துத்தான் பேசுவாங்க."

"அப்ப மார்ச்ல திருத்தி அனுப்பு."

"ஒருத்தர் எடுத்துக்கினு போயிட்டா அப்புறம் எங்க போய்த் தேடறது?"

அதற்கு அவன் சொன்னான். "நீ அங்க நைனா வூட்டுச் சோறு துன்னுக்கினு பேசற. எனக்கு இங்க யாரும் கெடையாது. விசா போச்சுன்னா நான் திரும்பி வந்து மாங்கா மண்டில மூட்ட எண்ணணும்."

இன்னா பேச்சு இது? நான் எந்த வூட்டுச் சோறு துன்றேன்? அவன் போனதிலேருந்து நான் யாரோட உக்காந்து துன்னேன்? எனக்கு மட்டும் இங்க ஊரே கூடி நிக்குதா? இதையெல்லாம் பூத்துலயே கேட்டிருக்கணும். கண்ணாடிக்கு வெளியே ஆறு பேர் நின்னுக்கினு வாட்சைப் பாத்துக்கினு இருந்தாங்க. வெச்சிடறேன்னு வெச்சிட்டேன்.

அவனுக்குப் பயம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தப்பில் பாதி என்னுடையது. சொன்னால் போவது மட்டும் அதிகமாக அவனுடையது. அதுதான் குடைகிறது.

ஜனவரி 14. நகரி

பொங்கல். பவர்லூம் ஒரு நாள் நின்றால் இந்தத் தெருவே வேறு ஊராகிவிடுகிறது. பேசுவது கேட்கிறது. கேட்காமல் இருந்திருக்கலாம். என் பெண் அமெரிக்கா போகிறாள் என்று நைனா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். எதிர்வீட்டு அக்கா குளிர் தாங்குமா என்று விசாரித்தாள்.

"அந்தப் பையன் எதுனா சொன்னானாமா?" என்றார் நைனா, என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பில் பானையைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இன்னும் இல்லை நைனா என்றேன். பாஸ்போர்ட் வீட்டு விலாசத்துக்குத்தான் வந்திருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்தடியில் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 18

எடுத்து எழுதிப் பார்க்கிறேன். சொன்னால்: சம்பத் போவான். தீசிஸ் ஒரு வருடம் தள்ளும், மார்ச்சோடு என் உதவித்தொகையும் நிற்கும். சொல்லாவிட்டால்: ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. தீசிஸ் முடியும், அவன் கூப்பிடுவான், நான் போவேன். அங்கே ஒரு நாள் காபி குடித்துக்கொண்டு அதே எண்ணை யாராவது படமாகப் போட்டுக் காட்டுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.

அப்படிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்து வந்த வினைதான் இது.

ஜனவரி 19

சாரிடம் சொல்லிவிட்டேன்.

தரை முட்டிய ஆழங்களை அவர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பேனாவால் தானே வகுத்தார். "எவரு?" என்றார். யார் என்று. இரண்டு பேரும் என்றேன். எப்போது தெரியும் என்றார். நவம்பரில் என்றேன். அதற்குத்தான் முகம் சுருங்கியது, தப்புக்கு அல்ல.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நானும்தானேம்மா கையெழுத்துப் போட்டேன் அந்தக் கட்டுரையில்" என்றார். திருத்த அறிவிப்பை நான் எழுத வேண்டும், எழுதிய மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும், கோவாவுக்குச் சரியான ஃபைல்தான் போக வேண்டும். சம்பத்துக்கு அவரே எழுதுகிறாராம்.

வெளியே வந்ததும் பசித்தது. பல நாளைக்கப்புறம் சரியாகப் பசித்தது. உடுப்பி ஓட்டலில் இரண்டு தோசை தின்றுவிட்டு அழுதேன். சர்வர் சட்னி காரமா என்று கேட்டான்.

ஜனவரி 24

அவனுக்கு போன் செய்தேன். என் வாயால் நானே சொல்ல வேண்டும் என்று. அங்கே வேறு யாரோ எடுத்து, அவன் இல்லை என்றார்கள். பின்னால் அவன் தும்முகிற சத்தம் கேட்டது. ஏழு வருடம் எதிர் மேஜையில் கேட்ட தும்மல், எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 10

கோவாவுக்குச் சரியான ஃபைல் போயிற்று, பத்து நாள் தாமதமாக.

பிப்ரவரி 21

சம்பத்திடமிருந்து ஒன்றும் இல்லை. ஈமெயில் பிரிண்ட் வரும்போதெல்லாம் கிளார்க் சிட்டிபாபு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். நான் கேட்காமலே.

மார்ச் 11

சாருக்கு ஒரு கவர் வந்தது. திருத்த அறிவிப்பு, அவன் கையெழுத்தோடு. அடியில் மறுபடி அவனே கணக்கிட்டுப் பார்த்த ஒரு படமும். என் எண்ணேதான் அவனுக்கும் வந்திருக்கிறது. கோடெல்லாம் அவன் வழக்கப்படி தடிமனாக.

கவரை நானும் ஒரு முறை திறந்து பார்த்தேன். எனக்கென்று துண்டுச்சீட்டுகூட இல்லை.

சார்தான் சொன்னார். அவன் அவர்கள் பாஸிடம் தானே போய்ச் சொல்லிவிட்டானாம். ரெனீவல் ஆகவில்லை. நியூஜெர்சியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறானாம். இரண்டாயிரமாம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிவிடும் என்கிறார்களே, அதைத் திருத்துகிற வேலை. கடலை விட்டுவிட்டான். விசா தப்பித்தது, நல்லதுதான். நல்லது என்று நான்கு முறை சொல்லிப் பார்த்தேன்.

அவன் மாங்காய் மண்டிக்கு வரவில்லை. என்னால் அவன் கடலில் இல்லை. இரண்டும் நிஜம்.

மார்ச் 12

அவன் மேஜையில் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். இனி யாராவது வந்து உட்காரட்டும்.

மார்ச் 28

தீசிஸ் அடுத்த வருடம்தான். சார் எப்படியோ கப்பல் வேலைக்கு என் பெயரைப் போட்டுவிட்டார், சம்பளம் அதிலிருந்து வரும். நைனாவிடம் அமெரிக்கா இல்லை என்று சொன்னேன். தறிச் சத்தத்தில் கேட்டதா தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அந்தமானுக்குப் போறப்ப ஸ்வெட்டர் வாணாமில்ல?" என்றார். கேட்டிருக்கிறது.

ஏப்ரல் 22. கப்பலில்

மெட்ராஸ் துறைமுகத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். பல்கலைக்கழக அட்டை மார்ச்சோடு காலாவதி. பையில் இருந்தது பாஸ்போர்ட் ஒன்றுதான். மஞ்சள் கறையோடு நீட்டினேன். முதன்முதலாக அதை ஒரு பயணத்துக்குக் காட்டுகிறேன். அந்த ஆள் படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முத்திரை இல்லை. அந்தமான் நம்ம நாடுதானே.

கப்பல் அதிகாரிக்கு எடுத்துப் போன திருப்பதி லட்டு வழக்கம்போல வேலை செய்தது. பின்தளத்தில் வேண்டிய நேரத்துக்கு நிற்கலாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 24. கப்பலில்

முன்பெல்லாம் ஒருவர் பின்தளத்தில் நின்று ப்ரோபை விடுவோம், ஒருவர் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால். விட்டவர் "விட்டுட்டேன்" என்று கத்த வேண்டும். உள்ளே இருப்பவர், கோடு வரத் தொடங்கியதும் "வருது" என்று கத்த வேண்டும். இப்போது பின்தளத்தில் வெங்கடலட்சுமி, விசாகப்பட்டினத்துக்காரி, புதிதாகச் சேர்ந்தவள். தெலுங்கில் கத்துகிறாள். நல்ல குரல், எஞ்சின் சத்தத்தைத் தாண்டி வருகிறது.

மதியம், ப்ரோப் தரையில் முட்டும் அந்த மேட்டுக்கு வந்தோம். விட்டாள். கோடு இறங்கியது. மேலே இருக்கும் தண்ணீர் சூடு, இந்த ஏழெட்டு வருடத்தில் நாங்கள் பார்க்காத சூடு. ஒரு முறை பெருக்கினேன், கையாலும் போட்டுப் பார்த்தேன். சூடு அப்படியே இருந்தது. இதில் எங்கள் வீம்பு கலக்கவில்லை. கடலே இப்படித்தான் இருக்கிறது. சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை, ஆனாலும் உடம்பில் ஒரு பாரம் இறங்கியது. பிறகு கோடு முட்டி நின்றது. தரை வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஃபைலின் முதல் வரியில் அடித்தேன்: ஆழம் ஒரு முறை திருத்தப்பட்டது, ருக்மணி. இனி ஒவ்வொரு ஃபைலிலும் இதை எழுதுவேன், எதிர் மேஜையில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும்.

அப்போதுதான் கவனித்தேன், நான் "வருது" என்று கத்தவே இல்லை. வெங்கடலட்சுமி பின்தளத்திலிருந்து என்னாச்சு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து, "வருது" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. தெலுங்கில் மறுபடி சொன்னேன்.